கூட்டத்தை எங்கே நிறுத்துவது? கலூர் ஸ்டேடியம் மெட்ரோ நிலையம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கம், வீட்டில் தமிழும் கடைவீதியில் பாதி மலையாளமும் பேசுகிற ஊர்களில் கால்பந்துப் பைத்தியங்கள் நிறைய. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) சீசன் வந்துவிட்டால் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் மஞ்சள் சட்டை எங்கள் பேருந்துகளிலும் ஏறிவிடும். பேருந்தில் பாலக்காடு, அங்கிருந்து ரயிலில் ஆலுவா, ஆலுவாவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் மெட்ரோ, மெட்ரோவில் கொச்சி கலூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் வாசல். வேன் பிடித்துப் போய் எடப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல் என்பது எங்கள் பக்கத்துப் பொதுக்கருத்து.

போவதில் சிக்கல் இல்லை. திரும்பி வருவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் பல்லாயிரம் பேர் ஒரே திசையில் நடக்கிறார்கள். அந்தக் கூட்டம் வண்டிக்காக எங்கே நின்று காத்திருக்க வேண்டும்? நடைமேடையிலா, டிக்கெட் தளத்திலா, படிக்கட்டிலா, தரையிலா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தரையில். கூடுதல் வண்டி, கூடுதல் கேட், அகலமான படி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நிலையமும் ஸ்டேடியமும்

கொச்சி மெட்ரோவின் முதல் பகுதி 2017 ஜூன் 17 அன்று ஆலுவாவுக்கும் பாலாரிவட்டத்துக்கும் இடையே திறக்கப்பட்டது. அங்கிருந்து மகாராஜாஸ் கல்லூரி வரையிலான நீட்சி அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று வந்தது. ஸ்டேடியம் நிலையம் இந்த இரண்டாவது துண்டில் இருக்கிறது. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கொச்சியின் முதல் ஆட்டமான பிரேசில் - ஸ்பெயின் போட்டி அக்டோபர் 7 அன்று. அதாவது நிலையம் திறந்த நான்காம் நாளே உலகக் கோப்பைக் கூட்டம். புது நிலையத்துக்கு இதைவிடக் கடுமையான தேர்வு கிடையாது.

இது தரைக்கு அடியில் உள்ள நிலையம் அல்ல, சாலைக்கு மேலே தூண்களில் நிற்பது. கீழே சாலை, நடுவில் டிக்கெட் தளம், மேலே இரு பக்கமும் நடைமேடைகள். ஆலுவா பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று, பாதையின் மறுமுனையான திருப்பூணித்துறை பக்கம் போகிறவர்களுக்கு மற்றொன்று. சுரங்க நிலையத்தில் கூட்டம் இறங்கிப் போய்த் தேங்கும், இங்கே ஏறிப் போய்த் தேங்கும். வித்தியாசம் அவ்வளவுதான், கணக்கு ஒன்றே.

ஸ்டேடியம் 1996இல் கட்டியது. டெண்டுல்கர் 1998 ஏப்ரல் 1 அன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்த மைதானம் இதுதான். மட்டையால் அல்ல, பந்தால். அன்று மெட்ரோ கிடையாது, வந்தவர்கள் பேருந்திலும் ரயிலிலும் வந்து கலைந்து போனார்கள். உலகக் கோப்பைக்காக 2017இல் அரங்கத்தை ஆய்வு செய்தபோது, பார்வையாளர் எண்ணிக்கையை ஏறக்குறைய 29,000 என்று சுருக்கினார்கள். காரணம் இருக்கைப் பற்றாக்குறை அல்ல. அவசரம் என்றால் எல்லாரும் வெளியேற எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் கேள்வி. எத்தனை பேரை உள்ளே விடலாம் என்பதை வெளியே போகும் வழிதான் தீர்மானிக்கிறது. மெட்ரோ நிலையத்துக்கும் இதே விதிதான், ஆனால் நிலையத்துக்கு யாரும் டிக்கெட் எண்ணிக்கையில் வரம்பு வைப்பதில்லை.

கணக்கு

கொச்சி மெட்ரோ வண்டிக்கு மூன்று பெட்டி. உட்கார 136 பேருக்கு இடம், நின்றுகொண்டு வருகிறவர்களையும் சேர்த்தால் 975 பேர். இந்த 975 நெருக்கியடித்து நின்றால்தான். மடித்த கொடியும் முதுகில் பையும் தோளில் குழந்தையுமாக வருகிற மேட்ச் கூட்டத்தில் அவ்வளவு பேர் ஏறுவது கடினம், இருந்தாலும் அதையே வைத்துக்கொள்வோம்.

ஏழு நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் மணிக்கு ஒரு திசையில் எட்டு வண்டி, 7,800 பேர். ஒரு பேச்சுக்கு, ஆட்டம் முடிந்து மெட்ரோவுக்கு வருகிறவர்கள் 10,000 பேர், அதில் 6,000 பேர் ஆலுவா பக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேடியம் நடுவழி நிலையம் என்பதால் திருப்பூணித்துறையிலிருந்து வரும் வண்டி காலியாக வராது. ஏற்கெனவே 200 பேர் இருந்தால் 775 பேர்தான் ஏற முடியும். 6,000 பேரை ஏற்றி அனுப்ப எட்டு வண்டி, ஏறக்குறைய ஐம்பது நிமிடம். ஆனால் ஸ்டேடியம் காலியாக அதில் பாதி நேரம்கூட ஆகாது. ஆக, எப்படிப் பார்த்தாலும் சில ஆயிரம் பேர் அரை மணி நேரமாவது எங்காவது நின்றே ஆக வேண்டும்.

இப்போது நடைமேடையைப் பாருங்கள். மூன்று பெட்டி வண்டிக்கான நடைமேடை நீளம் ஏறக்குறைய 70 மீட்டர். நிற்பதற்குக் கிடைக்கும் அகலம் மூன்று மீட்டர் என்று வைத்தால் 210 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு இரண்டு பேர் நின்றால் 420 பேர். நான்கு பேர் என்றால் 840, ஆனால் அந்த நெருக்கத்தில் நடக்க முடியாது, தேய்த்துக்கொண்டு நகரத்தான் முடியும். அதாவது ஒரு வண்டியில் ஏறும் கூட்டத்தைக்கூட நடைமேடையால் நிம்மதியாகத் தாங்க முடியாது. விளிம்புக்குக் கீழே மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் மின்சாரம் வேறு.

படிக்கட்டின் கணக்கு இன்னும் வேடிக்கை. பிரிட்டனில் விளையாட்டரங்குகளுக்கு வைத்திருக்கும் பாதுகாப்பு வழிகாட்டியின் அளவு இது: சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம், படியில் 66 பேர். இரண்டு மீட்டர் படி ஒன்று நிமிடத்துக்கு 132 பேரை விடும். அப்படி இரண்டு படி இருந்தால் ஒரு வண்டி நிறையும் கூட்டம் நான்கு நிமிடத்துக்குள் மேலே வந்துவிடும். வண்டியோ ஏழு நிமிடத்துக்கு ஒன்று. படி வண்டியைவிட வேகமாக ஆளைக் கொண்டுவந்து கொட்டுகிறது! பலரும் படியை அகலப்படுத்தினால் நெரிசல் தீரும் என்று நினைக்கிறார்கள். கீழே கட்டுப்பாடு இல்லாமல் படியை மட்டும் அகலப்படுத்தினால் நடைமேடை இன்னும் சீக்கிரம் நிறையும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் ஆழியாற்றுத் தண்ணீரில் பயிர் வைக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. வாய்க்கால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்குத்தான் மதகைத் தூக்குவார்கள். மெட்ரோவில் மதகு இருக்க வேண்டிய இடம் முதல் படிக்குக் கீழே.

படியில் நிற்பது ஏன் ஆபத்து

கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 1971 ஜனவரி 2 அன்று ஆட்டம் முடிந்து வெளியேறும்போது 13ஆம் படிக்கட்டில் 66 பேர் இறந்தார்கள். அந்தப் படிக்கட்டுக்குக் கூட்டம் அதிகம், ஏனென்றால் சுரங்க ரயில் நிலையத்துக்குப் போக அதுதான் வசதி. பத்து ஆண்டுகளுக்கு முன் அதே படியில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். நான் மேலே சொன்ன வழிகாட்டியும், பிரிட்டனில் 1975இல் வந்த விளையாட்டரங்கப் பாதுகாப்புச் சட்டமும் இந்த விபத்துக்குப் பிறகு பிறந்தவை. ஸ்டேடியமும் நிலையமும் தனித்தனி நிர்வாகத்தில் இருக்கலாம், கூட்டத்துக்கு அவை இரண்டும் ஒரே பாதையின் இரண்டு முனை. நிலையம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துப் படிதான் முதலில் நிறையும்.

மும்பையில் 2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலைய நடைபாலத்தில் 23 பேர் இறந்ததற்கு மழையும் ஒரு காரணம். மழைக்கு ஒதுங்கி மேலே நின்றவர்கள் நகரவில்லை, பின்னால் வண்டியிலிருந்து இறங்கியவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கொச்சியிலேயே 2023 நவம்பர் 25 அன்று குசாட் பல்கலைக்கழகத் திறந்தவெளி அரங்கில் நான்கு பேர் இறந்தார்கள். அங்கும் கீழிறங்கும் படி, அங்கும் மழை.

மழையை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஐ.எஸ்.எல். சீசனின் தொடக்கம் வழக்கமாகத் துலாவர்ஷக் காலத்தோடு, அதாவது வடகிழக்குப் பருவமழையோடு மோதும். அக்டோபர், நவம்பரில் சாயங்காலம் இடியோடு கொட்டும். மழை வந்தால் ஸ்டேடியம் சாலையில் கூரை என்று கண்ணில் படுவது மெட்ரோ நிலையத்தின் அடிப்பகுதிதான். வண்டி பிடிக்காதவர்களும் அங்கே வந்து ஒதுங்குவார்கள். படிக்கட்டின் வாய் அடைபடும். மேலே வண்டி காலியாகப் போனாலும் போகலாம், கீழே ஆள் நகர வழி இருக்காது.

மழை இல்லாத நாளிலும் படியின் வாயில் என்ன நடக்கிறது என்று நின்று பார்த்தால் புரியும். நாலு பேர் நண்பனுக்காக முதல் படியிலேயே நிற்பார்கள். "எங்கடா இருக்கே, நான் படிகிட்ட நிக்கிறேன்" என்று ஒருவர் போனில் கத்துவார். ஒரு அப்பா குழந்தையைத் தோளிலிருந்து இறக்கிக் கையைப் பிடிப்பார். மேலே கேட்டுக்கு முன்னால் இன்னொரு தேக்கம். வாட்ஸ்அப்பில் டிக்கெட் எடுக்கும் வசதி நல்ல வசதிதான், ஆனால் ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே இடத்தில் இருக்கும்போது நெட் இழுக்காது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். கார்டைத் தட்டிப் போகிற கேட்டில் நிமிடத்துக்கு 25, 30 பேர் போகலாம். கியூஆர் திறக்காத ஒரு போன் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே திரும்பும் டிக்கெட்டையும் எடுத்து ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கார்டில் பணம் போட்டு வையுங்கள். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான்.

பிலடெல்பியாவின் கீழ்த்தளம்

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிராட் ஸ்ட்ரீட் சுரங்கப்பாதையின் தெற்கு முனையில் ஒரு நிலையம் இருக்கிறது. 1973இல் பாட்டிசன் என்ற பெயரில் திறந்தார்கள். பிறகு நிறுவனங்களுக்குப் பெயர் உரிமையை விற்று முதலில் ஏடி அண்ட் டி, 2018இல் என்ஆர்ஜி என்று மாறியது. அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், கூடைப்பந்து - ஐஸ் ஹாக்கி என்று மூன்று பெரிய அரங்குகள் அதன் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டு அரங்கில் ஆட்டம் என்பது அங்கே சாதாரணம்.

அங்கே பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். முதலாவது, அது கடைசி நிலையம். வண்டி காலியாகி நிற்கும், நிறைந்து கிளம்பும். கலூர் போல வழியில் ஏறியவர்களோடு இடத்துக்குப் போட்டி இல்லை. இரண்டாவது, நிலையத்துக்கு இரண்டு தளம். மேல்தளம் அன்றாடப் போக்குவரத்துக்கு. கீழ்த்தளம் போட்டி நாளுக்கு, கூடுதல் வண்டிகளை முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்தி வைத்திருக்கலாம். ஆட்டம் முடியும்போது வண்டி எங்கிருந்தோ வர வேண்டியதில்லை, அங்கேயே தயாராக இருக்கிறது. பாதையின் பெரும்பகுதி நான்கு தண்டவாளம். ஸ்போர்ட்ஸ் எக்ஸ்பிரஸ் வண்டிகள் நடுவில் பல நிலையங்களை விட்டுவிட்டு நேராக ஊருக்குள் போய்விடும்.

கொச்சியில் இதை அப்படியே செய்ய முடியாது. தண்டவாளம் இரண்டுதான். பணிமனை முட்டத்தில், ஆலுவாவுக்குப் பக்கத்தில். கூடுதல் வண்டி அங்கிருந்துதான் புறப்பட வேண்டும். அதனால் கலூரில் வண்டியைக் குவித்து வைக்க வழியில்லை, ஆளைத்தான் ஒழுங்காக நிறுத்த வேண்டும். போட்டி நாளில் கடைசி வண்டியின் நேரத்தை நீட்டிப்பது நல்லது, ஆனால் அது இரவு பதினொரு மணிக்கு நிற்கிறவனுக்கு உதவும். ஒன்பதரைக்கு வந்து முட்டுகிற கூட்டத்துக்கு அல்ல.

லண்டன் வெம்ப்ளி பார்க் நிலையத்தில் இன்னொரு வழி. ஸ்டேடியத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே நீளமான, அகலமான நடைவழி. கூட்டத்தை அந்த வழியிலேயே பகுதி பகுதியாக நிறுத்தி, பலகை காட்டி, ஒவ்வொரு பகுதியாக மேலே விடுகிறார்கள். ஸ்டேடியத்திலிருந்து நிலையம் கொஞ்சம் தள்ளி இருப்பது அங்கே குறை அல்ல, அதுதான் வசதி. வாசலிலேயே மெட்ரோ வேண்டும் என்று கேட்பவர்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

பெங்களூரில் நடந்தது

பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் கப்பன் பார்க், விதான சௌதா என்று இரண்டு சுரங்க நிலையங்கள். 2025 ஜூன் 4 அன்று ஐ.பி.எல். வெற்றி விழாவுக்காகக் கூட்டம் பெருகியபோது ஸ்டேடிய வாசல்களில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். நெரிசல் நிலையத்துக்குள் நடக்கவில்லை. ஆனால் அன்று மெட்ரோவில் 9 லட்சத்துக்கு மேல் பயணிகள், அந்த இரண்டு நிலையங்களிலும் வண்டி நிற்காது என்று அறிவிக்க வேண்டி வந்தது.

நிலையத்தை மூடுவது அவசரத்துக்குச் சரியான முடிவுதான், உள்ளே நடைமேடை நிறைந்தால் வேறு வழியில்லை. ஆனால் மூடும்போது கூட்டம் மறைந்து போவதில்லை, அடுத்த நிலையத்துக்கு நடக்கிறது. எந்த நிலையத்துக்கு, எந்தச் சாலையில் என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் அதைக் கூட்டமே முடிவு செய்யும்.

கலூரில் என்ன செய்யலாம்

ஸ்டேடியம் நிலையத்துக்குத் தெற்கே கலூர் நிலையம், வடக்கே பாலாரிவட்டம். இரண்டும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடை. ஆலுவா போகும் வண்டி கலூரைத் தாண்டித்தான் ஸ்டேடியம் நிலையத்துக்கு வருகிறது. எனவே ஆலுவா போகிறவர் பின்னோக்கி நடந்து கலூரில் ஏறினால் கூட்டம் ஏறுவதற்கு முன்பே வண்டியில் இருப்பார். முன்னோக்கிப் பாலாரிவட்டம் நடந்தவருக்கு வருவதெல்லாம் ஸ்டேடியத்தில் நிறைந்த வண்டி. திருப்பூணித்துறை போகிறவருக்கு இது அப்படியே தலைகீழ். எங்கள் ஊரில் விவரம் தெரிந்தவர்கள் இதைச் செய்கிறார்கள். எல்லாரும் செய்தால் கலூர் நிறையும், உண்மைதான். வண்டியின் கொள்ளளவு ஒன்றும் கூடாது. ஆனால் ஒரு படிக்கட்டில் முட்டுகிற கூட்டம் மூன்று இடமாகப் பிரியும், அதுவும் திசை வாரியாகப் பிரியும். ஸ்டேடியம் வாசலிலேயே "ஆலுவா பக்கம்: கலூர் நிலையம்" என்று பெரிதாக எழுதி ஒருவரை நிறுத்தினால் இது தனிப்பட்ட சாமர்த்தியமாக இல்லாமல் திட்டமாகிவிடும். என் கண்ணுக்கு மிக மலிவான மாற்றம் இதுதான். சிமெண்டு வேண்டாம், டெண்டர் வேண்டாம்.

அடுத்தது, தரையில் வரிசை. ஸ்டேடிய வளாகத்துக்குள்ளேயே ஆலுவாவுக்கு ஒன்று, திருப்பூணித்துறைக்கு ஒன்று என்று தடுப்பு கட்டி வரிசை பிரிக்க வேண்டும். மேலே பிரிப்பது தாமதம். டிக்கெட் தளத்துக்கு வந்தபின் "ஆலுவா எந்தப் பக்கம்?" என்று திரும்பிப் பார்க்கிற ஒவ்வொருவரும் எதிர்த்திசையில் வருகிறவர்மேல் மோதுவார். வண்டி கிளம்பியதும் அடுத்த வண்டிக்குரிய ஐந்நூறு, அறுநூறு பேரை மட்டும் மேலே விட வேண்டும். வரிசைக்குத் தகரக் கூரையாவது வேண்டும், துலாவர்ஷம் காத்திருக்காது.

வரிசையில் நிற்க மக்கள் ஒத்துழைப்பார்களா என்ற சந்தேகம் நியாயமானதுதான். எங்கள் குழுவில் வயதில் மூத்தவர் ஒருவர், கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒருமுறை இப்படிச் சொன்னார்: "ராத்திரி டிரெயின் போயிரும்னு ஓடறவனத் திட்டிப் பிரயோசனம் இல்லீங்க தம்பி. உங்களுக்கு மூணாவது வண்டி, இருவது நிமிசம் ஆகும்னு ஒருத்தர் கரெக்டா சொல்லிட்டாப் போதும். நின்னுக்குவாங்க." அவர் சொன்னது சரி. ஆலுவாவில் இரவு ரயிலைப் பிடிக்க வேண்டியவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாததுதான் பதற்றம். வரிசை எங்கே தொடங்கினால் எத்தனை நிமிடம் என்று தரையிலேயே பலகை வைக்கலாம். அந்தப் பலகையில் தமிழும் இருந்தால் எங்களுக்கு நல்லது. எங்களில் பலர் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், தமிழ்ப் பள்ளியில் படித்ததால் வாசிப்பது மெதுவாகத்தான்.

முதியவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் எல்லாருக்கும் லிஃப்ட்டுக்குத் தனி வழி வேண்டும். பொது வரிசைக்குள் புகுந்து லிஃப்ட்டை அடைய முடியாது.

இனி வரப்போவது இன்னும் பெரிய விஷயம். மெட்ரோவின் இரண்டாம் கட்டம், காக்கநாடு வழியாக இன்ஃபோபார்க் போகும் 11.2 கிலோமீட்டர் பாதை, இதே ஸ்டேடியம் நிலையத்திலிருந்துதான் பிரிகிறது. ஐ.டி. ஊழியர்கள் மாலை ஆறு, ஏழு மணிக்கு இன்ஃபோபார்க்கிலிருந்து வந்து இங்கே வண்டி மாறுவார்கள். ஏழரை மணி ஆட்டத்துக்கு ரசிகர்கள் வந்து இறங்குவதும் அதே நேரம். இதுவரை ஆட்டத்துக்கு முன் கூட்டம் இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பரவி வந்ததால் வருகையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பாதை திறந்தபின் அந்த நிம்மதி இருக்காது. வண்டி மாறுகிறவர்கள் கேட்டைத் தாண்டி வெளியே வராமல் உள்ளேயே மாற வேண்டும், ரசிகர்கள் அவர்களைக் குறுக்கே வெட்டாமல் நேராகத் தரைக்கு இறங்க வேண்டும். இந்த இரண்டு வழியும் எங்கே பிரிகின்றன, தரையில் வரிசைக்கு எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைத் தூண் எழும்பும் காலத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.